பட்டமும் உரிமமும்

ஒருவர் கற்றிருக்கிறார் என்று சான்று கூறுவது ஒன்று. கற்றதைக் கொண்டு அவர் பொது மக்களிடையே தொழில் நடத்தலாம் என்று இசைவு அளிப்பது மற்றொன்று. முன்னதற்குப் பட்டம் என்று பெயர். பின்னதற்கு உரிமம் என்று பெயர். வீட்டுப் பேச்சில் நாம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. "என் மகன் வக்கீலுக்குப் படித்து முடித்துவிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால், அவன் நாளைக்கே கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் நிற்பான் என்றே அக்கம் பக்கத்தார் எண்ணுவர். ஆனால் பட்டம் தருவது பல்கலைக் கழகம். உரிமம் தருவது சட்டத்தால் அமைந்த வேறொரு மன்றம். ஒரு கை கொடுத்ததை மற்றொரு கை ஏற்றே தீர வேண்டும் என்ற நியதி எக்காலத்தும் இருந்ததில்லை.

கல்லூரியில் நேரே சென்று பயிலும் மாணவனுக்கு இவ்வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அவனுடைய கல்லூரி இரு கைகளின் இசைவையும் முன்னதாகவே பெற்றிருக்கும். பகலில் உழைத்து, இரவில் படித்து, அஞ்சல் வழியாகப் பட்டம் பெற முயலும் மாணவனுக்கோ இது வாழ்வையே மாற்றக்கூடிய வேறுபாடு. ஆதலின் இதன் வரலாற்றை, நான் நன்கறிந்த ஒரு பகுதியை மையமாக வைத்துச் சொல்ல விரும்புகிறேன். அப்பகுதி சென்னையின் வடகோடியிலுள்ள வண்ணாரப்பேட்டை.

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் ஆதலின் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. அதன் கிழக்கே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் புறப்பட்டது. தெற்கே துறைமுகம், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய தொழிற்பகுதிகள். நெசவாளர், மூட்டை சுமப்போர், ரயில்வே ஊழியர், ஆலைத் தொழிலாளர், மீனவர், சிறு வணிகர் ஆகியோர் நிறைந்த பகுதி இது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் இப்பகுதியைச் சார்ந்தவர். அவர் பெயரால் 1950-ஆம் ஆண்டில் இங்கு ஒரு கல்லூரி எழுந்தது. சென்னைப் பல்கலைக் கழகமோ 1857-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. அந்நூற்றாண்டு முழுவதும் வண்ணாரப்பேட்டை இளைஞன் கலைக் கல்லூரியில் பயில வேண்டுமாயின் தன் பேட்டையை விட்டு வெளியே சென்றாக வேண்டியிருந்தது.

இப்பகுதியை நான் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பட்டம் இல்லாமலே உரிமம் பெற்றவர்களை இது முன்பு கண்டது. பட்டம் இருந்தும் உரிமம் பெறாதவர்களைப் பின்னர்க் கண்டது. இவ்விரு கூட்டத்தாரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் வரலாறு தானே விளங்கும்.

முதலில் பட்டமின்றி உரிமம் பெற்றவர்களைப் பார்ப்போம்.

வண்ணாரப்பேட்டையை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனை ஆதலின் அப்பெயர் நிலைத்தது. அங்கிருந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை 1934-ஆம் ஆண்டில் ஏற்றது. 1938-ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்தது. பள்ளி, கல்லூரி என்ற இவ்விரு சொற்களுக்கும் இடையே அன்று ஒரு பெரும் பள்ளம் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் பல்கலைக் கழகப் பட்டம் பெற்றனர். மருத்துவப் பள்ளிகளில் பயின்றவர்க்குப் பல்கலைக் கழகப் பட்டம் இல்லை; எல்.எம்.பி. போன்ற சான்றுகளே கிடைத்தன. எனினும் 1914-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின்படி அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறியது. அவர்கள் மருத்துவம் பார்த்தனர். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று மக்கள் அன்புடன் அழைத்தவர்கள் இவர்களே.

பின்னர் 1933-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. அது பல்கலைக் கழகப் பட்டங்களின் தரத்தை நாடெங்கும் ஒரே அளவில் நிறுத்த முற்பட்டது, எல்.எம்.பி. போன்றோரைத் தன் வரம்பிற்கு வெளியே விட்டது. 1946-ஆம் ஆண்டில் அறிக்கை தந்த போர் குழு, இனி நாட்டில் ஒரே வகை மருத்துவரே உருவாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவப் பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது கல்லூரிகளாயின. இவ்வாறு மருத்துவத்தில் பட்டமும் உரிமமும் ஒரு வழியாக இணைந்தன.

சட்டத் தொழிலும் ஏறத்தாழ இப்பாதையிலேயே நடந்தது. 1879-ஆம் ஆண்டின் வழக்குத் தொழிலாளர் சட்டப்படி, பல்கலைக் கழகப் பட்டம் இல்லாதவரும் உரிய தேர்வில் தேறிப் 'பிளீடர்' ஆகலாம். வழக்குத் தொழிலில் பல படிகள் இருந்தன. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் அப்படிகளை அகற்றி, வழக்கறிஞர் என்ற ஒரே வகையினரை மட்டும் நிறுத்தியது. சட்டப் பட்டம் வேண்டும். அப்பட்டம் பார் கவுன்சில் ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

தொழிற்சாலைகளிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். ஆலையின் கொதிகலன் அருகே நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின் வழி வந்த விதிகள், தகுதிச் சான்றிதழ் இல்லாதவரை அதன் பொறுப்பில் நிறுத்தலாகாது என்றன. காரணம் எளியது. கொதிகலன் வெடித்தால் இறப்பவர் அதை இயக்கியவர் மட்டும் அல்லர்; அருகில் வேலை செய்யும் தொழிலாளர் அனைவருமே. உரிமம் என்பதன் உயிர்க்கருத்து இதுதான். பட்டம் என்பது கற்றவனுக்கும் கற்பித்தவனுக்கும் இடையே உள்ள செய்தி. உரிமம் என்பதோ கற்றவனுக்கும், அவனை நம்பித் தம் உயிரையோ உடைமையையோ ஒப்படைக்கும் மூன்றாமவருக்கும் இடையே உள்ள செய்தி.

இனிப் பல்கலைக் கழகத்தின் பக்கம் வருவோம்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் ஏற்பட்டபொழுது, அவை லண்டன் பல்கலைக் கழகத்தின் சாயலில் அமைந்தன. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் அளிப்பதே பல்கலைக் கழகத்தின் வேலை. அடுத்த ஆண்டே, அதாவது 1858-இல், லண்டன் பல்கலைக் கழகம் மேலும் ஓர் அடி முன்னே வைத்தது. எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர்கூடத் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று தன் கதவைத் திறந்துவிட்டது. தொலைவிலிருந்து பட்டம் பெறும் வழக்கத்திற்கு இதையே தொடக்கம் எனலாம். நம் அண்டை நாடாகிய இலங்கையில், 1921-ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புப் பல்கலைக் கழகக் கல்லூரி, 1942-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றும் வரை, தன் மாணவரை லண்டனின் இத்தகைய வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்து வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் லண்டன் மாநகரைக் காணாமலே லண்டன் பட்டதாரிகளாயினர்.

ஆனால் ஒரு பல்கலைக் கழகம் எங்கு வரை தன் கையை நீட்டலாம்? இக்கேள்விக்கு இந்தியாவில் விடை காண முயன்றது 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டம். கர்சான் பிரபுவின் காலத்தில் வந்த அச்சட்டம், ஒவ்வொரு பல்கலைக் கழகத்திற்கும் நில எல்லை வகுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் எல்லை தொடக்கத்தில் மிகப் பரந்தது. 1916-ஆம் ஆண்டில் மைசூர், 1926-இல் ஆந்திரம், 1929-இல் அண்ணாமலை, 1937-இல் திருவிதாங்கூர் எனப் புதிய பல்கலைக் கழகங்கள் தோன்றத் தோன்ற, தாயின் எல்லை சுருங்கி வந்தது. மாணவர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு: பல்கலைக் கழகத்தின் அறிவுக்கு எல்லை இல்லை, அதன் அதிகாரத்திற்கு எல்லை உண்டு.

நாடு விடுதலை பெற்ற பின் 1956-ஆம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 22-ஆம் பிரிவு, யார் பட்டம் வழங்கலாம் என்பதைத் திட்டமாகக் கூறியது. மத்திய அரசின் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக் கழகமும், நிகர்நிலைப் பல்கலைக் கழகமும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனமும் அன்றி வேறெவரும் பட்டம் வழங்க இயலாது.

கல்லூரிகளில் இடம் போதவில்லை. கற்க விரும்புவோர் தொகை பெருகியது. அறிவியலறிஞர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழு, அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கலாம் என்று கருத்துரைத்தது. 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக் கழகம் அதனைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981-இலும் இத்துறையில் இறங்கின. 1985-ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் அமைந்தன.

வண்ணாரப்பேட்டை போன்ற இடத்திற்கு இது எத்தகைய வரவு என்பதை எண்ணிப் பாருங்கள். காலை, பகல், இரவு என மூன்று 'ஷிப்டு' நடக்கும் இடத்தில், காலை பத்து மணிக்கு வருகைப் பதிவு எடுக்கும் கல்லூரியால் தொழிலாளிக்கு என்ன பயன்? திருமணமாகிக் கைக்குழந்தையுடன் இருக்கும் பெண்ணுக்கு அக்கல்லூரியால் என்ன பயன்? தபால்காரர் கொண்டு வந்து போடும் பாடக்கட்டு அவர்களுக்கு ஒரு கல்லூரியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு அவர்களுடைய வகுப்பறையாயிற்று. எழுத்தராகச் சேர்ந்தவர் பி.ஏ. பெற்றுப் பதவி உயர்வு கண்டதும், வீட்டில் முதல் பட்டதாரி அன்னையாகவே இருந்ததும் வட சென்னையில் நான் கண்ட காட்சிகள். அஞ்சல்வழிக் கல்வியை இகழ்ந்து பேசுவோர் இம்மக்களை அறியாதவர்.

தொழிற்கல்வியிலும் ஒரு நேர்மையான வழி நெடுங்காலம் திறந்திருந்தது. 1920-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.ஈ. தேர்வே அது. பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே, தாமே படித்து அத்தேர்வில் தேறியவரை மத்திய அரசு வேலைவாய்ப்பில் பொறியியல் பட்டதாரிக்கு நிகராக ஏற்றது. அவ்வழியும் பிற்காலத்தில் குறுகியது. 2013-ஆம் ஆண்டு மே 31 வரை சேர்ந்தவர்க்கே அவ்வேற்பு உண்டு என்று அரசு வரையறுத்தது.

இவ்வாறு வழிகள் பெருகியபொழுது வணிகமும் உடன் நுழைந்தது. ஒரு மாநிலத்தில் பிறந்த பல்கலைக் கழகம் மற்றொரு மாநிலத்தின் கடைத்தெருவில், தையற்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையே, 'கல்வி மையம்' என்று பலகை தொங்கவிட்டது. சத்தீஸ்கர் மாநிலம் 2002-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் துணை கொண்டு, போதிய கட்டிடமோ ஆசிரியரோ இல்லாத தனியார் பல்கலைக் கழகங்கள் மிகப் பல குறுகிய காலத்தில் முளைத்தன. மானியக் குழுவின் முன்னாள் தலைவரான அறிவியலறிஞர் யஷ்பால் உச்சநீதிமன்றம் சென்றார். 2005-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ப்பு வந்தது. அப்பல்கலைக் கழகங்களுக்கு ஆதாரமாயிருந்த சட்டப் பிரிவுகள் செல்லாதனவாயின. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள் மட்டுமே சட்டம் செய்ய வல்லது. அச்சட்டத்தால் பிறந்த பல்கலைக் கழகம் எல்லை தாண்டிச் செயற்பட இயலாது என்பது அத்தீர்ப்பு நிலைநிறுத்திய கருத்து. 1904-ஆம் ஆண்டில் எழுந்த கேள்விக்கு நூறாண்டு கழித்தும் விடை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லையைப் பற்றிய சிக்கல் இது. உரிமத்தைப் பற்றிய சிக்கலோ இதனினும் கூரியது. மூன்று வழக்குகளை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

முதலாவது, சட்டக் கல்வி. கல்கத்தாப் பல்கலைக் கழகம், கல்லூரிக்கு வாராத பெண்களையும் சட்டத் தேர்வு எழுத அனுமதித்தது. அவர்கள் எழுதினர், தேறினர், பட்டமும் பெற்றனர். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளச் சென்றபொழுது பார் கவுன்சில் மறுத்தது. வகுப்பிற்கு வந்து பயிலாத சட்டப் பட்டம் தொழிலுக்கு உதவாது என்றது. 1994-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பார் கவுன்சிலின் பக்கமே தீர்ப்பளித்தது. பட்டம் பொய்யன்று, ஆனால் அது உரிமத்தின் திறவுகோல் அன்று. பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டத்தை அஞ்சல் வழியாகப் பெற்ற தமிழ்நாட்டு மாணவர்க்கும் நிலை இதுவே. சட்ட அறிவு கிட்டியது. நீதிமன்ற அங்கி கிட்டவில்லை.

இரண்டாவது, திறந்தநிலைப் பட்டத்தின் வரிசை. முதற்பட்டம் பெறாமலே நேரடியாக எம்.ஏ. எழுதலாம் என்று ஒரு காலத்தில் திறந்தநிலைத் திட்டத்தில் இடமிருந்தது. அவ்வாறு பெற்ற எம்.ஏ. பட்டத்தைக் கொண்டு தமிழ்நாடு அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவியை ஒருவர் அடைந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மானியக் குழு 1985-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் திறந்தநிலைக் கல்வியையும் கட்டுப்படுத்தும் என்று 2009-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் தமிழ்நாடு அரசு தன் 107-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வாராத திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படா என்பது அதன் சாரம்.

மூன்றாவது, பொறியியல். நான்கு நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் தொலைநிலை வழியில் பொறியியல் பட்டம் வழங்கி வந்தன. அவற்றுள் ஒன்று நம் சேலத்தைச் சார்ந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் முன் இசைவு இன்றியே அப்பாடங்கள் நடத்தப்பட்டன. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அக்குழு நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே அவை உயிர் பெறும் என்று கூறப்பட்டது. அதன் பின்னர்ச் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அறவே நீக்கப்பட்டன.

இத்தீர்ப்பின் பொருளைச் சட்டப் புத்தகத்தில் அல்ல, ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டயப் படிப்பு முடித்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இரவு வேலை முடிந்து வந்து, உறங்கும் பிள்ளைகளுக்கு அருகே விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு படிக்கிறார். மனைவியின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது. பட்டம் கிடைக்கிறது, பதவி உயர்வும் கிடைக்கிறது. பத்தாண்டு கழிந்தபின், அப்பட்டமே இல்லை என்று ஒரு நாள் செய்தித்தாள் சொல்லுகிறது. அவர் தவறாகப் படித்தாரா? இல்லை. தேர்வில் ஏமாற்றினாரா? இல்லை. தமக்குப் பட்டம் கொடுத்தவர்க்கு அதைக் கொடுக்கும் அதிகாரம் உண்டா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்வாரும் இல்லை. அவ்வளவே.

விதிகள் இன்று முன்னினும் தெளிவாக உள்ளன. மானியக் குழு 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, ஏற்புப் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேர்முகப் பட்டத்திற்கு நிகரானது. இது அஞ்சல்வழி மாணவன் தலை நிமிர்ந்து சொல்லத்தக்க செய்தி. ஆனால் அதே விதிகள் பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் கல்வி, மருந்தியல், இயன்முறை மருத்துவம், கட்டிடக் கலை, சட்டம், வேளாண்மை முதலியவற்றைத் தொலைநிலை வழியில் நடத்தலாகாது என்றும் தடுத்துள்ளன. மாநிலப் பல்கலைக் கழகத்தின் கல்வி மையங்கள் அம்மாநில எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்பட்டியலும் நிலையானதன்று. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென 2021-ஆம் ஆண்டில் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் வரம்பிற்குள் அடங்குவன என்பதால் உளவியல், உணவு ஊட்டவியல் முதலிய பாடங்களையும் 2025-ஆம் ஆண்டு ஜூலை-ஆகஸ்டுச் சேர்க்கை முதல் தொலைநிலை வழியில் நடத்தலாகாது என்று மானியக் குழு அறிவித்தது. நேற்றுத் திறந்திருந்த கதவு இன்று மூடியிருக்கலாம் என்பதற்கு இது சான்று.

மூடிய கதவுகளை மட்டும் சொல்லி மாணவரை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. திறந்த கதவுகளும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, முறைப்படி அஞ்சல்வழியில் பி.ஏ. பெற்றவர், அதைக் கொண்டு சட்டக் கல்லூரியில் நேரே சேர்ந்து பயிலலாம். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் தருகின்றன. அடிப்படைத் தகுதி எதுவுமின்றித் திறந்தநிலை வழியில் நேரடியாகப் பெற்ற பட்டத்தையே அவை விலக்குகின்றன. ஒரே பட்டம், வந்த வழியைப் பொறுத்து, ஒருவருக்குப் படிக்கட்டாகவும் மற்றொருவருக்குச் சுவராகவும் அமைகிறது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியர், ஆசிரியர் முதலியோர்க்கு உரிமம் அளிப்பவை அந்தந்த மாநிலங்களே. ஒரு மாநிலத்துப் பல்கலைக் கழகம் மற்றொரு மாநிலத்து மாணவனுக்குத் தொலைவிலிருந்து கற்பிக்க வேண்டுமாயின், அம்மாணவன் வாழும் மாநிலத்தின் இசைவு வேண்டும். ஒவ்வொரு மாநிலத்தின் வாசலிலும் தனித்தனியே நிற்பதைத் தவிர்க்க, மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதனை நடத்தும் தேசிய மன்றம் 2013-ஆம் ஆண்டில் அமைந்தது. ஆயினும் அவ்வுடன்பாடு கற்பிக்கும் இசைவைத்தான் எளிதாக்கியது. தொழில் உரிமத்தைத் தரவில்லை. ஆதலின் 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல், உரிமம் தேவைப்படும் தொழிலுக்கான பாடம் எந்தெந்த மாநிலத்தின் தகுதியை நிறைவு செய்யும், எதனை நிறைவு செய்யாது என்பதைக் கல்வி நிறுவனமே மாணவனுக்கு அறிவிக்க வேண்டும் என்று மத்திய விதி கூறியது.

இதில் நாம் கருதத்தக்க நீதி ஒன்று உண்டு. அறிந்திருக்க வேண்டிய பொறுப்பை அறியாதவன் தலையில் ஏற்றாமல், அறிந்தவன் தலையில் ஏற்றுவதே அந்நீதி. நம் நாட்டில் எச்சரிக்கைகள் வெளிவருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மாணவன் தேடிச் சென்று படிக்க வேண்டிய அறிவிப்புகளாகவே உள்ளன. சேர்க்கைப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே, "இப்பட்டம் இன்ன தொழிலுக்கு உரிமம் பெற்றுத் தாராது" என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டால், எத்தனை குடும்பங்களின் கண்ணீரைத் தவிர்க்கலாம்!

அந்நாள் வரும் வரை மாணவர் தாமே கேட்டுத் தெளிய வேண்டியவை மூன்று. முதலாவது: இந்நிறுவனத்திற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா, குறிப்பிட்ட இப்பாடத்தை, குறிப்பிட்ட இவ்வாண்டில், தொலைநிலை வழியில் நடத்த மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் இசைவு தந்துள்ளதா? பல்கலைக் கழகம் புகழ் பெற்றது என்பது இதற்கு விடையாகாது. இரண்டாவது: நான் பாடம் கேட்கும் இக்கல்வி மையம் அப்பல்கலைக் கழகத்தின் எல்லைக்குள் உள்ளதா? மூன்றாவது: நான் செய்ய விரும்பும் தொழிலுக்கு உரிமம் தருபவர் யார், அவர் இப்பட்டத்தை ஏற்பாரா? இம்மூன்றாம் கேள்வியைப் பல்கலைக் கழகத்திடம் கேட்டுப் பயனில்லை. வழக்கறிஞராக விரும்புவோர் பார் கவுன்சிலையும், ஆசிரியராக விரும்புவோர் ஆசிரியர் கல்விக் குழுவின் விதிகளையும், அரசுப் பணியை நாடுவோர் தேர்வாணையத்தின் அறிவிப்பையும் பார்த்தே தெளிய வேண்டும். வாய்ச்சொல்லை நம்பலாகாது, எழுத்தில் பெற வேண்டும்.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் பயின்ற பழைய எல்.எம்.பி. மருத்துவரிடம் பட்டம் இல்லை. ஆனால் தம் சான்று எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அவர் ஐயமற அறிந்திருந்தார். அவரிடம் வந்த நோயாளியும் அறிந்திருந்தார். பட்டங்கள் மலிந்த இக்காலத்தில் அத்தெளிவு குறைந்துவிட்டது. உழைத்துக்கொண்டே கற்பவன் தன் உறக்கத்தையும் ஊதியத்தையும் விலையாகக் கொடுத்துக் கற்கிறான். அவன் வாங்கும் பொருள் இன்னதென்று அறியும் உரிமை மற்றெவரைக் காட்டிலும் அவனுக்கே மிகுதி. கேள்வி கேட்பது ஐயத்தின் அடையாளம் அன்று; கல்வியின் முதற் பாடமே அதுதான். பணம் கட்டுமுன் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.